இறுதி ஓவரும் பன்னிரண்டு நாட்களும்

சில தோல்விகளை மக்கள் மறப்பதில்லை, மறக்க விரும்புவதுமில்லை. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று அடுத்தடுத்துக் கிடக்கும் எமது கரையோர ஊர்களில், மஃரிபுத் தொழுகை முடிந்து இளைஞர்கள் தேநீர்க்கடை வாயிலிலும் கடற்கரை மணலிலும் கூடும் வேளைகளில், 2018 மார்ச் 16ஆந் திகதி இரவு கொழும்பு பிரேமதாச மைதானத்தில் நடந்த ஆட்டத்தின் இறுதி ஓவர் இன்றும் மீண்டும் மீண்டும் வீசப்படுகின்றது. அன்று பத்து வயதுச் சிறுவனாக இருந்தவன் இன்று உயர்தர வகுப்பில் எம்முன் அமர்ந்திருக்கிறான். பாடத்திலுள்ள செய்யுளை ஒப்புவிக்கத் தடுமாறும் அவன், அந்த ஓவரைப் பந்துக்குப் பந்து தடையின்றி ஒப்புவிக்கிறான்.

ஒரு தோல்வியைச் சுற்றிப் பேச்சு இவ்வாறு வளருமாயின் அதுவும் ஒருவகை வாய்மொழி இலக்கியமே. அதற்குக் கதைசொல்லி உண்டு, கேட்போர் உண்டு, எவர் சொன்னாலும் மாறாது வரும் சொற்றொடர்களும் உண்டு. நூலையும் நாடகத்தையும் மட்டுமே விமரிசனத்துக்குரியன என்று கொண்டு, மக்கள் நாள்தோறும் தம் நாவில் வைத்துப் போற்றும் கதையைப் புறக்கணிப்பது முற்போக்கு விமரிசனத்துக்கு அழகாகாது. எனவே இக்கதையை எடுத்துக்கொண்டு, இது எதனை நினைக்கிறது, எதனை மறக்கிறது என்று நோக்க முற்படுகின்றோம்.

நடந்தது இதுதான். நாடு சுதந்திரம் பெற்று எழுபதாண்டு நிறைந்ததை முன்னிட்டு இலங்கை, இந்தியா, பங்களாதேஷ் ஆகிய மூன்றும் மோதிய சுதந்திரக் கிண்ணப் போட்டியில், இந்தியா ஏற்கெனவே இறுதியாட்டத்துக்குத் தெரிவாகியிருந்தது. எஞ்சிய ஓரிடத்துக்காக மற்றைய இரு அணிகளும் அன்றிரவு ஆடின. 41 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகளை இழந்து தத்தளித்த இலங்கை, குசல் பெரேராவும் திசர பெரேராவும் பெற்ற அரைச்சதங்களால் 159 ஓட்டங்களை எட்டியது. இறுதி ஓவரில் பங்களாதேஷுக்கு 12 ஓட்டங்கள் தேவைப்பட்டன. இசுரு உதான வீசிய முதலிரு பந்துகளும் உயர எழும்பின. ஓர் ஓவரில் தோளுக்கு மேல் எழும் பந்து ஒன்றுக்கே அனுமதி. இரண்டாவது எழுந்தால் அது நோபோல். இரண்டாம் பந்தை நோபோல் என நடுவர் அறிவித்திருக்க வேண்டும் என்பது பங்களாதேஷின் முறையீடு. அறிவிப்பு வரவில்லை. அப்பந்திலேயே ஒருவர் ரன் அவுட்டும் ஆனார். வாக்குவாதம் மூண்டது. எல்லைக்கோட்டருகே நின்ற அணித்தலைவர் சகிப் அல் ஹசன், துடுப்பெடுத்தாடிக்கொண்டிருந்தோரை வெளியே வருமாறு சைகை காட்டினார். சிறிது நேரத்தில் ஆட்டம் தொடர்ந்தது. நான்கு பந்துகளில் 12 ஓட்டங்கள். மஹ்முதுல்லா அடுத்த மூன்று பந்துகளில் நான்கும் இரண்டும் ஆறும் அடித்தார். ஒரு பந்து மீதமிருக்க இலங்கை தோற்றது.

வென்றவர்கள் மைதானத்தில் நாகநடனம் ஆடினர். அவர்களது உடைமாற்றும் அறையின் கண்ணாடிக் கதவு உடைந்து கிடந்தது. சகிப்புக்கும் இன்னொரு வீரருக்கும் ஆட்டக் கட்டணத்தில் நூற்றுக்கு 25 வீதம் தண்டமாக விதிக்கப்பட்டது.

எமது இளைஞர்களின் வழக்கு இவ்விடத்திலேயே தொடங்குகிறது. ஆட்டத்தை இடைநிறுத்தத் துணிந்தவர்களுக்கு அப்போதே தோல்வி அளித்திருக்க வேண்டாமா? அந்தக் கலவரம் பந்துவீச்சாளரின் மனத்தைக் குலைக்கவில்லையா? 25 வீதத் தண்டம் ஒரு தண்டமா? இவ்வாறு கேள்விகள் அடுக்கப்படுகின்றன.

இவற்றைக் கேட்டு நகைப்பவர் இரு சாரார். பந்தடிப்பதெல்லாம் பாமரரை மயக்கும் அபின் என்று ஒதுக்கும் எமது அணியைச் சேர்ந்த படிப்பாளிகள் ஒரு சாரார். விளையாட்டில் வெற்றி தோல்வி சகசம், மறந்துவிடுங்கள் என்று நன்னடத்தை போதிப்போர் மறு சாரார். இருவரும் பிழைபடுகின்றனர். திரினிடாட்டில் பிறந்த மார்க்ஸியவாதியான சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் வெளியிட்ட கிரிக்கெட் நூலை எமது தோழர்கள் படித்தல் நன்று. 1960 ஜனவரியில் போர்ட் ஒஃப் ஸ்பெயின் நகரில், இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சரண் சிங் என்ற உள்ளூர் இளைஞர் ரன் அவுட் என அறிவிக்கப்பட்டதும், கூட்டம் போத்தல்களை வீசி மைதானத்தை நிறைத்தது. ஜேம்ஸ் அக்கூட்டத்தைக் காடையர் என்று வைது ஒதுங்கவில்லை. குடியேற்ற ஆட்சியில் தமக்கு நீதி கிடையாது என்று நெடுங்காலம் கண்டுவந்த மக்களின் அவநம்பிக்கையில் அக்கோபத்தின் வேரைத் தேடினார். கறுப்பரான பிராங்க் வொரலே அணித்தலைவராக வேண்டும் என்று தாம் நடத்திய ஏட்டில் இடைவிடாது எழுதினார். அவ்வாண்டு முடியுமுன் வொரல் தலைமையில் மேற்கிந்திய அணி அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது. நடுவரின் தீர்ப்பைப் பற்றிய பேச்சினுள்ளே நீதியைப் பற்றிய பேச்சு உறைகின்றது என்பதே ஜேம்ஸிடம் நாம் கற்கும் பாடம்.

ஆகவே எமது இளைஞர் தோல்வியை நினைப்பதில் குற்றமில்லை. விதி எல்லோருக்கும் ஒன்றாயிருக்க வேண்டும், மீறியவன் எவனாயினும் தண்டிக்கப்பட வேண்டும் என்ற வேட்கை அப்பேச்சில் இருக்கிறது. அவ்வேட்கை மதிக்கத்தக்கது. எமது குறை வேறு. அவ்வேட்கை ஒரு கண்ணை மூடிக்கொண்டிருக்கிறது என்பதே எமது குறை.

சான்று காட்டுவோம். 1999 ஜனவரி 23ஆந் திகதி அடிலெயிட் நகரில் இலங்கை இங்கிலாந்தை எதிர்த்தாடியது. முத்தையா முரளிதரனின் பந்தை நடுவர் நோபோல் என்றார். அதற்கு மூன்றாண்டுகளின் முன், 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்ன் மைதானத்தில் முரளிதரன் ஏழுமுறை அவ்வாறு அவமதிக்கப்பட்டிருந்தார். இம்முறை அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க பொறுக்கவில்லை. தம் வீரர்களை எல்லைக்கோடு வரை அழைத்துச் சென்று ஆட்டத்தை நிறுத்தினார். பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. இறுதி ஓவரில் இரண்டு பந்துகள் மீதமிருக்க, ஒரு விக்கெட்டினால் இலங்கை வென்றது. போர் நாட்டை இரண்டாகப் பிளந்திருந்த அக்காலத்தில், மலையகத் தமிழர் ஒருவருக்காகச் சிங்களத் தலைவர் ஒருவர் எல்லைக்கோட்டில் நின்ற அக்காட்சியை நாமும் பெருமையுடனேயே நினைவுகூர்கின்றோம். இளைஞர்களும் அதனை வீரம் என்கின்றனர்.

அவ்வாறாயின் 2018இல் நடந்தது மட்டும் அடாவடியானது எங்ஙனம்? இரு ஆட்டங்களிலும் வழக்கு ஒரு நோபோல் பற்றியது. இரண்டிலும் அணித்தலைவர் ஆட்டத்தை நிறுத்த முனைந்தார். இரண்டிலும் முறையிட்ட அணி இறுதி ஓவரில் மயிரிழையில் வென்றது. இரண்டிலும் தண்டனை விதிக்கப்பட்டது. ரணதுங்கவை வாழ்த்தும் வாய் சகிப்பை வைகிறது. ஒருவர் எம்மவர், மற்றவர் அயலவர் என்பதைத் தவிர வேறு காரணத்தை எவரும் இதுவரை எமக்குச் சொல்லவில்லை.

2023 நவம்பர் 6ஆந் திகதி டெல்லியில் நடந்த உலகக் கிண்ண ஆட்டம் இக்குருட்டுத்தன்மையை மேலும் வெளிச்சமாக்கியது. தலைக்கவசத்தின் பட்டி அறுந்து தாமதமான அஞ்சலோ மெத்தியூஸ், இரண்டு நிமிடத்துள் பந்தை எதிர்கொள்ளவில்லை என்ற விதியின்படி ஆட்டமிழந்தார். சர்வதேச ஆட்டத்தில் அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் அவரே. முறையிட்டவர் அதே சகிப். 2018இல் "விதிப்படி அவர்களுக்குத் தோல்வி அளித்திருக்க வேண்டும்" என்று விதியைப் பிடித்துக்கொண்டு வாதிட்டோர், 2023இல் "விதி கிடக்கட்டும், விளையாட்டின் பண்பு எங்கே?" என்று கேட்டனர். மெத்தியூஸுக்காக எம் மனமும் நொந்தது. எனினும் தனக்கு வேண்டியபோது விதியையும் வேண்டாதபோது பண்பையும் தேடுகின்ற மனம் நீதியைத் தேடும் மனமன்று. அது வெற்றியைத் தேடும் மனம்.

இதுவரை நாம் பேசியது விளையாட்டு. இக்கதை எதனை மறக்கிறது என்ற கேள்வி இனித்தான் வருகிறது.

சுதந்திரக் கிண்ணத்தின் முதலாட்டம் நடந்தது 2018 மார்ச் 6ஆந் திகதி. அதே நாளில் நாடெங்கும் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கு எட்டு நாட்களின் முன், பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் உணவிலே மலட்டு மருந்து கலந்திருப்பதாக ஒரு கதை கிளம்பியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது, வாகனங்கள் எரிந்தன. அம்பாறை எமக்குத் தொலைதூரத்து நகரன்று. மாவட்டக் கச்சேரி அங்கே இருக்கிறது. காணிக் கருமமாயினும் ஓய்வூதியக் கருமமாயினும் கரையோர மக்கள் காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை வயல்வெளியைத் தாண்டி அங்கேதான் போகவேண்டும். போனவர்கள் பகலுணவு உண்ணவும் லுஹர் தொழவும் ஒதுங்கிய இடங்களே அவை. அந்த உணவில் கிடந்தது மாக்கட்டியே என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிவித்தார்.

கண்டி மாவட்டத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. தெல்தெனியவில் முஸ்லிம் ஆடவர் நால்வரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர் மார்ச் தொடக்கத்தில் உயிர் நீத்தார். அது கொலை. அதற்கு நீதி கேட்க எவர்க்கும் உரிமை உண்டு. எமக்கும் கடமை உண்டு. ஆனால் அக்கொலையோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் திகனவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கொளுத்தப்பட்டன. எரிந்த வீடொன்றினுள்ளிருந்து முஸ்லிம் இளைஞர் ஒருவரின் சடலம் எடுக்கப்பட்டது. சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. அவசரகால நிலை மார்ச் 17 நள்ளிரவு நீக்கப்பட்டது. மறுநாள், மார்ச் 18, சுதந்திரக் கிண்ணத்தின் இறுதியாட்டம் நடந்தது.

பன்னிரண்டு நாட்கள். சுதந்திரத்தின் பெயராற் கிண்ணம் ஆடப்பட்ட நாட்களும், சுதந்திரம் இடைநிறுத்தப்பட்ட நாட்களும் ஏறத்தாழ ஒன்றே. ஆட்டம் நடந்த மைதானமோ, முஸ்லிம் உழைப்பாளர் நெருங்கி வாழும் மாளிகாவத்தையை அண்டி நிற்கிறது. இருந்தும் அந்நாட்களைப் பற்றி எமது இளைஞரிடம் வினவிப் பாருங்கள். ஐந்தாம் பந்து எத்திசையிற் பறந்தது என்பதை அறிவர். பகுப்பாய்வாளரின் அறிக்கை என்ன சொன்னது என்பதை அறியார்.

இது மறதியா? அன்று என்று கருதுகின்றோம். விளையாட்டில் அநீதி நேர்ந்தால் அதனைப் பேசுவது எளிது. அங்கே எழுதப்பட்ட விதி உண்டு. நடந்ததைத் திருப்பிக் காட்டும் ஒளிப்படம் உண்டு. எவ்வளவு சிறிதாயினும் தண்டம் உண்டு. எவ்வளவு உரக்கப் பேசினாலும் எவரும் கதவைத் தட்டமாட்டார். வீதியில் நேர்ந்த அநீதிக்கு இவையொன்றும் கிட்டவில்லை. வதந்தியைப் பரப்பியவன் எல்லைக்கோட்டுக்கு அப்பால் நின்றான். எந்த நடுவரின் கையும் உயரவில்லை. பேசினால் ஆபத்து, பேசாவிட்டால் நெஞ்சு பொறுக்காது என்ற நிலையில், பேசுவதற்குப் பாதுகாப்பான ஒரு தோல்வியை மனம் தெரிந்தெடுத்துக்கொள்கிறது. எமது இளைஞரின் நீதியுணர்வு பொய்யன்று. செலவு குறைந்த இடத்தில் அது செலவழிகிறது.

இறுதியாட்டத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். கடைசிப் பந்தில் ஐந்து ஓட்டங்கள் தேவை. தமிழ்நாட்டு வீரர் தினேஷ் கார்த்திக் அதனை ஆறாக்கினார், பங்களாதேஷ் தோற்றது. இரு நாட்களின் முன் தாம் பட்ட புண்ணுக்கு மருந்து கிடைத்ததென மைதானத்திலிருந்த இலங்கை இரசிகர் பலர் நாகநடனம் ஆடினர். எமது ஊர்களில் அன்று மூன்று வகை மனிதரைக் கண்டோம். இலங்கையர் என்ற முறையில் பங்களாதேஷின் தோல்வியைக் கொண்டாடியவர் சிலர். தமிழ் பேசுபவர் வென்றார் என்று மகிழ்ந்தவர் சிலர். பன்னிரண்டு நாட்களும் முஸ்லிம் என்பதற்காக நடுங்கியிருந்தபடியால், முஸ்லிம் நாடொன்று தோற்றதே என்று வருந்தியவரும் சிலர். மூன்றாமவரின் வருத்தம் எமக்கு விளங்காமலில்லை. ஆனால் அதுவும் ஒரு கண் மூடிய பார்வையே. டாக்காவின் தைக்கும் ஆலைகளில் வாடும் பெண்ணும், கட்டுநாயக்கா வலயத்தில் வாடும் சிங்களப் பெண்ணும், தறியிலிருந்து பெயர்த்தெறியப்பட்ட மருதமுனை நெசவாளியும் ஒரே தோல்வியைத் தாங்குகின்றனர். அவர்களுக்காக ஆடும் அணி எதனையும் நாம் இன்னும் காணவில்லை.

எமது இலக்கியத்தில் பிழைபட்ட தீர்ப்பொன்றை நினைந்து நினைந்து எழுந்த பெருங்கதை சிலப்பதிகாரம். எமது கரையோரத்திலே காரைதீவிலும் தம்பிலுவிலிலும் கண்ணகிக்குக் கோயில் எடுத்து, ஆண்டுதோறும் அவ்வழக்கைத் தமிழ் மக்கள் பாடி வருகின்றனர். கண்ணகியின் துயர் வெறும் புலம்பலாய் முடியாது காவியமானது எதனால்? அவள் சான்று கொண்டு சென்றாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். அதனை உடைத்துக் காட்டினாள். தீர்ப்பளித்தவனும் தன் பிழையை ஏற்று உயிர் நீத்தான். அவ்விடம் வரை அது நீதியின் கதை. அதன்பின் மதுரை எரிகிறது. கோவலனைக் கொன்றது மதுரையின் குடிமக்கள் அல்லர். அநீதியுற்றவரின் நெருப்பும் ஒரு நகரையே சுடும் என்பதை இளங்கோ மறைக்கவில்லை. திகனவின் சாம்பலை மிதித்தபின் அக்காண்டத்தை வகுப்பிற் படிப்பிக்கும்போது எமக்கு நா எழுவதில்லை.

தன் தோல்வியை மட்டுமே நினைப்பவன் நெருப்புக்கு எண்ணெய் சேர்க்கிறான். இதனைப் பிறருக்கு உரைக்குமுன் எமக்கு நாமே உரைத்தல் வேண்டும். 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, எமது மதத்தின் பெயரைச் சொல்லியோர் தேவாலயங்களில் வழிபட்டு நின்றோரைக் கொன்றனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மடிந்தோருள் சிறுவர் பலர். அதனையடுத்த மாதம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் உடைமைகள் கொளுத்தப்பட்டதை நாம் விரிவாகப் பேசுகின்றோம், பேசத்தான் வேண்டும். சீயோனின் பிள்ளைகளை அதே குரலில், அதே விரிவில் பேசுகின்றோமா? அவ்வாண்டு ஜூனில் கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரித் தமிழ் மக்கள் உண்ணாவிரதமிருந்தபோது, அதற்கெதிராக முஸ்லிம்களும் போராட்டத்தில் அமர்ந்தனர். இவ்விரு சாராரிடமும் தத்தமக்கு நேர்ந்த அநீதிகளின் நீண்ட பட்டியல் இருக்கிறது. மற்றவரின் பட்டியலை ஒருமுறையேனும் வாசித்தவர் எத்தனை பேர்? ஒரே கடலில் வலை வீசி, ஒரே சந்தையில் மீன் விற்கும் மக்கள் தத்தம் இறுதி ஓவரை மட்டும் தத்தம் தெருவில் வீசிக்கொண்டிருக்கின்றனர்.

தனக்கு நேர்ந்ததை அநீதி என்று அறிவதற்குக் கல்வி வேண்டியதில்லை, நோவே போதும். அதே அநீதி பிறனுக்கு நேரும்போது அதனை அடையாளங் காண்பதற்கே கல்வியும் கலையும் வேண்டும். முரளிதரனுக்காகப் பொங்கிய உள்ளம், இரண்டாம் பந்துக்கு நோபோல் கேட்ட அயலவரின் வழக்கையும் ஒருகணம் எடைபோட்டுப் பார்க்குமாயின், அது விளையாட்டில் கற்ற நீதியை வாழ்வுக்குக் கொண்டுவரத் தகுதி பெறுகின்றது. எடைபோட்டபின் அயலவர் வழக்குப் பிழையென்று காணலாம், அதனால் இழுக்கில்லை. எடைபோடாதிருப்பதே இழுக்கு.

எழுத்தாளரும் ஆசிரியரும் செய்யவேண்டியது யாது? அந்த ஓவரை மறந்துவிடு என்று இளைஞரிடம் சொல்லுதல் வீண். சென்ற தவணையில் எமது வகுப்பில் ஒரு முயற்சி செய்தோம். இறுதி ஓவரைக் கட்டுரையாக எழுதுக என்றோம். எல்லோரும் உற்சாகத்துடன் எழுதினர். அதே ஓவரைப் பங்களாதேஷ் இரசிகன் ஒருவன் எழுதுவதாகக் கொண்டு மறுபடி எழுதுக என்றோம். வகுப்பு சிறிது நேரம் அமைதியாயிற்று. சிலர் எழுத மறுத்தனர். எழுதியவருள் ஒருவன் கட்டுரையின் ஈற்றில், "சேர், அவனுக்கும் நோபோல்தான் தெரிகிறது" என்று ஒரு வரி சேர்த்திருந்தான். அடுத்த தவணையில் அந்தப் பன்னிரண்டு நாட்களை அவர்களிடம் கொடுத்து எழுதச் சொல்ல எண்ணியிருக்கின்றோம். எழுதுவது கடினமாயிருக்கும். எமக்கும் கடினமாகவே இருந்தது.